உல்ஃப்–கிஷ்னர் ஒடுக்கம்: தண்ணீரை உள்ளேயே வைத்துக்கொண்டு சூடேற்றுகிறவர்களுக்கு

கீட்டோன், ஆல்டிஹைடுகளில் உள்ள C=O தொகுதியை ஹைட்ரசினும் காரமும் கொண்டு CH₂ ஆக மாற்றுவதுதான் உல்ஃப்–கிஷ்னர் ஒடுக்கம். சென்ற வாரம் காரைக்குடியில் முதுகலை மாணவர் ஒருவர் இந்த வினைக்காக, குடுவையைச் சூடேற்றும் ஆயில் பாத்தை 200 பாகையில் வைத்துவிட்டு, ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சரைச் செங்குத்தாகப் பொருத்தி, மாலை வரை காவல் இருந்தார். “சார், காலை பத்து மணியிலிருந்து 200-ஐ விட்டு இறங்கவே இல்லை” என்றார். குடுவையின் பக்கவாட்டுக் கழுத்து வழியாக வெப்பமானியை இறக்கிப் பார்த்தேன். உள்ளே 122 பாகைதான் இருந்தது. நான் மாணவனாக இருந்தபோது செய்த அதே தவறு, அதே கரைப்பானில், அதே அமிலத்தை வைத்து என் கண்முன்னே மறுபடியும் நடந்துகொண்டிருந்தது. எடையைத் தப்பாகப் போடுவது, கண்டென்சருக்குத் தண்ணீர் திறக்க மறப்பது போன்றவற்றை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வார்கள். இந்த வினையின் வரலாறு தெரியாததால் வரும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

பெயர் வரிசையைக் கால வரிசை என்று கொள்வது

உல்ஃப் முன்னால் வருவதால் அவரே முதல்வர் என்று விடைத்தாள்களில் தொடர்ந்து எழுதுகிறார்கள். சைபீரியாவின் தோம்ஸ்க் நகரில் பணியாற்றிய நிக்கொலாய் கிஷ்னர் இதை 1911-இல் வெளியிட்டார். ஜெர்மனியின் யேனாவில் இருந்த லுட்விக் உல்ஃப் 1912-இல்தான் வெளியிட்டார். நோயால் கால்களை இழந்த நிலையில் ஆய்வைத் தொடர்ந்தவர் கிஷ்னர் என்பதை வகுப்பில் சொல்லாமல் நான் இந்தப் பாடத்தைத் தொடங்குவதில்லை.

உல்ஃபின் காரத்தை எடுத்துக்கொண்டு அவருடைய குழாயை விட்டுவிடுவது

பள்ளிப் பாடநூலில் ஹைட்ரசினும் சோடியம் ஈத்தாக்சைடும் என்று படித்த மாணவர்கள், அதை அப்படியே எத்தனாலில் கரைத்துத் திறந்த அமைப்பில் கொதிக்கவிடுகிறார்கள். எத்தனால் 78 பாகையில் கொதித்துவிடும். உல்ஃப் தம் கலவையை மூடி முத்திரையிட்ட குழாயில் அடைத்து, அழுத்தத்தில் 180 பாகையை ஒட்டிச் சூடேற்றினார். கிஷ்னரோ கரைப்பானே இல்லாமல், சூடான பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் மேல், கீட்டோனும் ஹைட்ரசினும் சேர்ந்து உண்டாகும் ஹைட்ரசோனைச் சொட்டுச் சொட்டாக விட்டார். வழி வேறானாலும் இருவரும் தேடியது அந்த உயர்ந்த வெப்பத்தைத்தான்.

தண்ணீரை வடித்தெடுக்காமல் ரிஃப்ளக்ஸில் விடுவது

இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான். ரிஃப்ளக்ஸ் என்றால், ஆவி கண்டென்சரில் குளிர்ந்து மறுபடியும் குடுவைக்குள்ளேயே விழும்படி கொதிக்கவிடுவது.

நீர் இந்த வினையைக் கெடுக்கும் என்று பழைய வேதியியலாளர்கள் அறிந்திருந்தார்கள். அதனால் நீரற்ற ஹைட்ரசினையும் சோடியம் உலோகத்தையும் தேடி அலைந்து, நாள்கணக்கில் கொதிக்கவைத்தார்கள். ஹார்வர்டில் பணியாற்றிய சீன வேதியியலாளர் ஹுவாங் மின்லான் 1946-இல் வெளியிட்ட செய்முறையில் நீரைக் கண்டு அஞ்சவில்லை. மலிவான 85 விழுக்காட்டு ஹைட்ரசின் ஹைட்ரேட்டையும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடையும் டைஎத்திலீன் கிளைக்காலில் சேர்த்து, முதலில் ஒரு மணி நேரம் போல் கொதிக்கவைத்து ஹைட்ரசோனை உருவாக்கினார். பிறகு நீரையும் மிகுதியான ஹைட்ரசினையும் வடித்து வெளியேற்றி, குடுவைக்குள் 195 பாகையைத் தாண்டியதும் மீண்டும் சில மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்தார். நாள்கணக்கான வேலை மணிக்கணக்கில் முடிந்தது. ஆக, அவருடைய பங்களிப்பின் உயிர்நாடியே அந்த நடுப்படிதான். குறிப்பேட்டில் மாணவர்கள் விட்டுவிடுவதும் சரியாக அதைத்தான்.

வெளியே எவ்வளவு தீ வைத்தாலும், தண்ணீரும் ஹைட்ரசினும் உள்ளே இருக்கும்வரை கலவை 120 பாகையை ஒட்டியே நிற்கும். அந்தச் சூட்டில் ஹைட்ரசோன் உண்டாகுமே தவிர, நைட்ரஜனை விட்டுப் பிரியாது. எஞ்சியிருக்கும் நீர் காரத்தின் வலுவையும் குறைத்துவிடும். செட்டிநாட்டுக் கல்யாண வீடுகளில் மனகோலத்துக்கு வெல்லப் பாகு காய்ச்சும் ஆச்சி பாத்திரத்தை மூடிவைப்பதில்லை. மூடினால் ஆவி திரும்ப உள்ளேயே விழும், பாகு பதத்துக்கு வராது. செங்குத்தாக நிற்கும் கண்டென்சர் நம் குடுவைக்கு மூடியாகிவிடுகிறது.

என் ஆய்வேட்டுக்காக பென்சீனிலிருந்தும் சக்சினிக் அன்ஹைட்ரைடிலிருந்தும் ஒரு வாரம் உழைத்து பென்சாயில்புரோப்பியானிக் அமிலம் தயாரித்தேன். அதை 4-ஃபினைல்பியூட்டனாயிக் அமிலமாக ஒடுக்க வேண்டும். அந்த அமிலம் 52 பாகையில் உருகும். இரண்டு நாள் ரிஃப்ளக்ஸ் செய்து, அமிலமாக்கி, வடிகட்டியபோது பளபளவென்று வெண்படிகம் கிடைத்தது. உருகுநிலை பார்த்தால் 100-ஐத் தாண்டியும் அசையவில்லை. 150 பாகையை ஒட்டித்தான் உருகியது. ஹைட்ரசின் கீட்டோனைப் பிடித்ததோடு அமில முனையையும் பிடித்து வளையமாக மூடிக்கொண்டு, பிரிடசினோனாக நின்றுவிட்டிருந்தது. மூலப்பொருள் முழுவதும் போயிற்று, ஹைட்ரசின் புட்டியும் காலி. ஆய்வகத்தில் எனக்கு ஒதுக்கியிருந்த நாள்களும் முடிந்துவிட்டன. கையில் இருந்த நகல் குறிப்பில் “200 பாகையில் ரிஃப்ளக்ஸ்” என்று மட்டும் இருந்தது. வடித்தெடுப்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

காரைக்குடி மாணவரின் கண்டென்சரைச் சாய்த்து வடிப்பதற்கு மாற்றினோம். மங்கலான துளிகள் அளவுசாடியில் சேரச் சேர உள் வெப்பநிலை 140, 165 என்று ஏறியது. 190-ஐ நெருங்கியபோது கலவைக்குள் சின்னஞ்சிறு குமிழ்கள் பொங்கிவரத் தொடங்கின. அதுதான் நைட்ரஜன். இந்தக் குமிழ்களைப் பார்க்காமல் ரிஃப்ளக்ஸ் நேரத்தைக் கணக்கிடவே கூடாது.

எலக்ட்ரான் எங்கிருந்து வருகிறது என்று கேளாமல் இருப்பது

மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான செக்ரி இருக்கும் ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒடுக்கம் என்றாலே எதிர்மின்முனைதான் நினைவுக்கு வருகிறது. இங்கே எலக்ட்ரானைக் கொடுப்பது ஹைட்ரசின். கொடுத்துவிட்டு நைட்ரஜனாக வெளியேறுகிறது.

ஹுவாங்கையும் மின்லானையும் இருவராக்குவது

ஒருவர்தான்.

கிளமன்சன் ஒடுக்கத்தை எந்நேரமும் மாற்றாக நினைப்பது

இதே மாற்றத்தைக் காரத்துக்குப் பதில் அமிலத்தில் செய்யும், 1913-இல் வந்த அந்த முறையில் பாதரசம் கலந்த துத்தநாகமும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வேண்டும். அமிலம் தாங்காத மூலக்கூறை அதில் போடாதீர்கள். காரம் தாங்காததை இதில் போடாதீர்கள்.

ஹைட்ரசின் புட்டியை வெளி மேசையில் திறப்பது

திறக்கவே கூடாது. நச்சுப் பொருள் அது. ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டுக்குள் மட்டும்தான்.

“அறை வெப்பநிலையிலேயே நடக்குமாமே” என்று தொடங்குவது

நடக்கும். டொனால்ட் கிராம் குழுவினர் 1962-இல் பொட்டாசியம் மூவிணைய பியூட்டாக்சைடை டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கரைத்து அதைச் செய்துகாட்டினார்கள். ஆனால் ஹைட்ரசோனை முன்கூட்டியே தயாரித்துத் தூய்மையாக்கி, அதைப் பல மணி நேரம் சிறிது சிறிதாகச் சேர்த்தார்கள். மொத்தத்தையும் ஒரே முறையில் கொட்டினால் ஹைட்ரசோன்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, அசின் என்னும் மஞ்சள் நிறப் பக்கவிளைபொருளாகக் குடுவையில் தங்கிவிடும்.