தொலைக்காட்சியில் மடிக்கணினியின் திரை ஓரம் வெட்டுப்பட்டால்

கல்முனையிலோ காத்தான்குடியிலோ ஒரு ரியூஷன் வகுப்பில், ஆசிரியர் தமது மடிக்கணினியை எச்டிஎம்ஐ வயர் மூலம் சுவரிலுள்ள தொலைக்காட்சியுடன் இணைத்துப் புள்ளிப் பட்டியலைத் திறக்கும்போது, சுட்டெண் இருக்கும் முதல் நிரல் பாதியாகவும் அடியிலுள்ள பணிப்பட்டை முழுவதுமாகவும் மறைந்துபோவது வழமை. உடனே பலரும் மடிக்கணினியின் அமைப்புகளைக் கிளறத் தொடங்குவர். முதலில் எடுக்க வேண்டியது தொலைக்காட்சியின் ரிமோட்.

படக்குழாய்க் காலத்துத் தொலைக்காட்சிகளில் படத்தின் விளிம்புகள் சீராக அமைவதில்லை என்பதால், படத்தைச் சற்றுப் பெருப்பித்து ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துவிடுவர். ஓவர்ஸ்கேன் எனப்படும் இவ்வேற்பாடு இன்றைய தட்டைத் திரைக்குத் தேவையே இல்லை. இருந்தும் பல தொலைக்காட்சிகள் அதை இன்னும் கைவிடவில்லை.

ரிமோட்டில் பட அளவுக்கான பகுதியைத் திறந்து, எல்ஜி என்றால் ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங் என்றால் ஸ்கிரீன் ஃபிட் அல்லது ஃபிட் டு ஸ்கிரீன், சோனி என்றால் ஃபுல் பிக்சல் என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். மாதிரிக்கு மாதிரி பெயர் சிறிது மாறலாம். 16:9 என்று இருப்பதைக் கண்டு திருப்தியடைந்துவிடக் கூடாது. அது படத்தின் வடிவத்தை மட்டுமே குறிக்கிறது, ஓரம் வெட்டப்படுவதை நிறுத்துவதில்லை. இத்தகைய தெரிவு எதுவும் கிடைக்காவிட்டால், உள்ளீடுகளின் பட்டியலில் அந்த எச்டிஎம்ஐ துளையின் பெயரை பிசி என மாற்றிப் பார்க்கலாம். சில தொலைக்காட்சிகள் அதன்பின் தாமாகவே பெருப்பிப்பதை நிறுத்திவிடும்.

ஓரங்கள் வெட்டுப்படாமல் கறுப்புப் பட்டைகள் தெரிந்தால் காரணம் வேறு. இரு திரைகளிலும் ஒரே படத்தைக் காட்டும்போது மடிக்கணினியின் வடிவமே தொலைக்காட்சிக்கும் செல்கிறது. சற்று உயரம் கூடிய 1920×1200 (16:10) திரையுள்ள கணினி, 16:9 தொலைக்காட்சியின் இரு பக்கங்களிலும் இடம் விடுவது இதனால்தான். விண்டோஸ் விசையுடன் பி விசையை அழுத்தி, செக்கண்ட் ஸ்கிரீன் ஒன்லி என்பதைத் தெரிவுசெய்து, திரைத் தெளிவை 1920×1080 ஆக்கினால் போதும். பட்டைகளை மறைப்பதற்காக ரிமோட்டின் சூம் வசதியை நாடினால், மேலும் கீழும் உள்ள வரிகள் வெட்டுப்படும்.

இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸ் மென்பொருள்களிலும் படத்தைச் சுருக்கும் வசதி உண்டு. ஆயினும் கணினி சுருக்கிய படத்தைத் தொலைக்காட்சி மறுபடி பெருப்பிப்பதால் எழுத்துகள் மங்கும். ரிமோட்டில் வழியே இல்லாதபோது மட்டும் இதை நாடுவது நல்லது.

4கே தொலைக்காட்சியில் எழுத்து மிகச் சிறிதாகத் தெரிந்தால், திரைத் தெளிவைக் குறைக்காமல் விண்டோஸின் ஸ்கேல் அளவை 200 சதவீதம் வரை உயர்த்தலாம். சுட்டி தயங்கித் தயங்கி நகர்ந்தால், மடிக்கணினியின் பழைய எச்டிஎம்ஐ 1.4 துளை 4கே படத்தை 30 ஹேர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 30 தடவை மட்டும் அனுப்புகிறது என்று கொள்ளலாம். அப்போது 1920×1080, 60 ஹேர்ட்ஸே மேல்.

பழைய விஜிஏ வயரில் படம் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால், தொலைக்காட்சியின் பட்டியலிலுள்ள ஓட்டோ அட்ஜஸ்ட்டை இயக்க வேண்டும். அதற்கு முன் திரை முழுவதும் வெளிர்நிறப் பக்கம் ஒன்றைத் திறந்து வைக்க வேண்டும். கறுப்புப் பின்னணியில் படத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதைத் தொலைக்காட்சியால் கண்டுகொள்ள முடியாது.