வாசித்த மலையிலிருந்து ஏறும் மலைக்கு

மலையேற்றப் புத்தகத்தைப் பென்சிலோடு வாசியுங்கள். எத்தனை மணிக்குப் புறப்பட்டார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவதென்று வைத்திருந்தார்கள், என்ன சுமந்தார்கள், எங்கே பிசகியது: இவற்றைக் குறித்தால் போதும். உச்சி வர்ணனைகளைத் தாண்டிப் போகலாம், எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும்.

1865இல் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மாட்டர்ஹோர்னில் முதன்முதலாக ஏறிய ஏழு பேரில் நால்வர் இறங்கும்போதுதான் விழுந்து இறந்தார்கள். 2016இல் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட்டைத் தொட்ட முதல் இலங்கையரானார். உடன் போன யொஹான் பீரிஸ் உச்சிக்குச் சில நூறு மீட்டர் கீழே திரும்பி, 2018இல் ஏறி முடித்தார். இறக்கத்துக்குப் பலம் மிச்சம் வைப்பதும் நேரத்தோடு திரும்புவதும் மலையகத்துக்கும் அப்படியே பொருந்தும். ஒட்சிசன் அத்தியாயம் பொருந்தாது. எங்கள் உயர்ந்த மலையான பிதுருதலாகலையே 2,524 மீட்டர்தான். இங்கே ஆளை மடக்குவது ஈரமும் மூட்டமும் முழங்காலும்.

பயிற்சிக்குத் தோட்டத்துப் படிகளே போதும். வாரம் மூன்று நாள், முக்கால் மணிநேரம். முதல் இரண்டு வாரம் வெறுங்கையோடு, பிறகு பையில் மூன்று லீற்றர் தண்ணீர். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். இறங்கும்போது முழங்காலைச் சற்று மடக்கி, சின்ன அடியாக வையுங்கள். காலை விறைப்பாக நீட்டி இறங்கினால் மறுநாள் படியில் உட்கார்ந்துதான் இறங்குவீர்கள்.

முதலில் எல்லவின் சின்ன சிவனொளிபாதம், பிறகு ஹோட்டன் சமவெளியின் தொட்டுபொல மலை. அடுத்தது சிவனொளிபாதமலை, 2,243 மீட்டர். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரையுள்ள பருவகாலத்தில் நல்லதண்ணிப் பக்கமாக ஏறுங்கள்: ஐயாயிரத்துக்கு மேல் படிகள், வழியெங்கும் விளக்கும் தேநீர்க் கடையும். புதியவர்கள் பலர் செய்யும் தவறு, இரவு பத்து மணிக்கே ஏறத் தொடங்கி, விடியப் பல மணிநேரம் இருக்கும்போதே உச்சிக்கு வந்துவிடுவது. வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை காற்றில் குளிர்ந்து உடம்பை நடுங்க வைக்கும். மூன்று நான்கு மணிநேரம் பிடிக்கும் என்று கணக்கிட்டு, ஒன்றரை இரண்டுக்குப் புறப்படுங்கள். காய்ந்த பனியனைப் பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு போய், மேலே போனதும் முதல் வேலையாக மாற்றுங்கள். சப்பாத்து விரல் முன்னால் ஒரு பெருவிரல் அகலம் விட்டிருக்கட்டும். இறுக்கமாக இருந்தால் இறக்கத்தில் நகம் கறுக்கும்.

மழைப் பாதையென்றால் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறை மேல் சவர்க்காரம் தேயுங்கள். அட்டை கடித்தால் பிடித்து இழுக்க வேண்டாம். நகத்தை அடியில் விட்டுத் தள்ளிவிடுங்கள்.

இவையெல்லாம் பழகிய பிறகே ஹோட்டன் சமவெளிப் பூங்காவிலுள்ள கிரிகல்பொத்த மலை. பூங்கா அலுவலகத்தில் சொல்லிவிட்டு, ஒரு துணையோடு, காலையிலேயே தொடங்குங்கள். பிற்பகலில் மூட்டம் இறங்கினால் புல்வெளியில் பாதை தெரியாது. பதினொரு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புங்கள்.