இரு பின்ன எண்கள் சமமா? நிரல்மொழியின் நூலகத்திற்கு ஓர் ஒப்பீட்டுச் செயற்கூறு எழுதும் முறை

சேலத்தில் மாலை வேளைகளில் சிலருக்கு நிரலாக்கம் சொல்லித் தருகிறேன். அவர்களில் ஒரு மாணவர் சிவதாபுரத்தில் உள்ள தம் வீட்டுக் கொலுசுப் பட்டறைக்காக ஒரு கணக்கு நிரல் எழுதினார். ஆசாரியிடம் 0.1 கிலோ, 0.2 கிலோ என இரு தவணையாக வெள்ளி கொடுக்கப்பட்டது. கொலுசும் சேதாரமும் சேர்ந்து 0.3 கிலோ திரும்பி வந்தது. நிரலோ கணக்கு ஒத்துவரவில்லை என்றது.

காரணம் எளியது. பத்தடிமானத்தில் மூன்றில் ஒன்றை எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் நீள்வதைப் போல, கணினி பயன்படுத்தும் இரண்டடிமானத்தில் (0, 1 மட்டுமே உள்ள முறையில்) பத்தில் ஒன்று முடிவில்லாமல் நீள்கிறது. கணினியில் பின்ன எண்களைக் குறிப்பதற்காக 1985-இல் வெளிவந்த ஐஇஇஇ 754 தரத்தின்படி இரட்டைத் துல்லிய எண்ணுக்கு 53 பிட் (இரண்டடிமான இலக்கம்) துல்லியமே உண்டு என்பதால், ஒவ்வொரு மதிப்பும் அதற்கு மிக அருகில் உள்ள எண்ணாக மாற்றப்பட்டு, 0.1-உம் 0.2-உம் சேர்ந்து 0.30000000000000004 ஆகிவிடுகிறது. ஆகவே சமக்குறி போதாது. 'நெருக்கமா' என்று கேட்கும் செயற்கூறு, அதாவது ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல் துண்டு, தேவை. பைத்தான் என்னும் நிரல்மொழியின் கணித நூலகத்தில் (ஆயத்தச் செயற்கூறுகளின் தொகுப்பில்) இத்தகைய செயற்கூறு 2015-இல், 3.5 பதிப்பில்தான் சேர்ந்தது. கிறிஸ்டோபர் பார்க்கர் எழுதிய 485-ஆம் எண் முன்மொழிவு அதற்கு அடிப்படை. இங்கே அதே கணக்கை, தமிழ்ச் சொற்களால் நிரல் எழுத உதவும் எழில் மொழியில் எழுதிப் பார்ப்போம்.

முதல் படி: எதை 'நெருக்கம்' என்பது?

தொடக்கநிலையில் எல்லோரும் எழுதுவது, வேறுபாடு ஒரு கிராமுக்குள் இருந்தால் சமம் என்பது போன்ற நிலையான எல்லை. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடைத் தராசில் ஒரு கிராம் பெரிய வேறுபாடு. ஏற்காட்டிலிருந்து காப்பி மூட்டை ஏற்றி இறங்கும் லாரியை நிறுக்கும் எடைமேடையில் அதே ஒரு கிராம் கண்ணுக்கே தெரியாது. எனவே எல்லை, ஒப்பிடப்படும் எண்களின் அளவுக்கு ஏற்ற விகிதமாக இருக்க வேண்டும். பைத்தான் இந்த விகிதத்தை நூறு கோடியில் ஒரு பங்காக, அதாவது ஏறத்தாழ ஒன்பது இலக்கங்கள் ஒத்திருப்பதாக, முன்னிருப்பில் (பயனர் எதுவும் தராதபோது கொள்ளும் மதிப்பாக) வைத்திருக்கிறது.

எந்த எண்ணின் விகிதம் என்பது அடுத்த கேள்வி. பைத்தானில் எண்கணக்குகளுக்குப் பயன்படும் நம்பை நூலகத்தின் ஒப்பீடு இரண்டாவது எண்ணை மட்டும் அளவுகோலாகக் கொள்வதால், எண்களை இடம் மாற்றிக் கொடுத்தால் எல்லையோரத்தில் விடை மாறக்கூடும். பைத்தானின் கணித நூலகம் இரண்டில் பெரியதைக் கொள்கிறது. பொதுப் பயன்பாட்டுக்கு இதுவே சரி என்பது என் கருத்து.

இரண்டாம் படி: சுழியம்

விகிதம் மட்டும் இருந்தால் சுழியத்திடம் தோற்றுப்போவோம். 0.1 + 0.2 − 0.3 என்பதன் விடை, புள்ளிக்குப் பின் பதினாறு சுழியங்கள் கடந்து வரும் ஒரு துளி. அதைச் சுழியத்தோடு ஒப்பிட்டால், வேறுபாடும் அந்தத் துளிதான், பெரிய எண்ணும் அந்தத் துளிதான். தன்னுடைய நூறு கோடியில் ஒரு பங்குக்குள் ஓர் எண் எப்படி அடங்கும்? பட்டறைக் கணக்கில் 'நிலுவை சுழியமா' என்று கேட்பதுதான் வழக்கம் என்பதால் இது அரிதான சிக்கல் அன்று. ஆகவே 'தளர்வு' என்ற நேரடி எல்லை ஒன்றும் வேண்டும். அதன் பொருத்தமான அளவு நூலகத்துக்குத் தெரியாது, பயனருக்கே தெரியும். அதனால்தான் பைத்தான் அதன் முன்னிருப்பைச் சுழியமாகவே விட்டது.

மூன்றாம் படி: நிரல்

இதில் 'நிரல்பாகம்' ஒரு செயற்கூற்றைத் தொடங்குகிறது, '@( ) ஆனால்' ஒரு நிபந்தனையைச் சோதிக்கிறது, 'பின்கொடு' விடையைத் திருப்பித் தருகிறது. 'நெருக்கமா' தரும் விடை 1 என்றால் ஆம், 0 என்றால் இல்லை.

நிரல்பாகம் தனிமதிப்பு( அ )
  @( அ < 0 ) ஆனால்
    பின்கொடு 0 - அ
  இல்லை
    பின்கொடு அ
  முடி
முடி

நிரல்பாகம் பெரியது( அ, ஆ )
  @( அ > ஆ ) ஆனால்
    பின்கொடு அ
  இல்லை
    பின்கொடு ஆ
  முடி
முடி

நிரல்பாகம் நெருக்கமா( அ, ஆ, விகிதம், தளர்வு )
  @( அ == ஆ ) ஆனால்
    பின்கொடு 1
  முடி
  @( அ - அ != 0 ) ஆனால்
    பின்கொடு 0
  முடி
  @( ஆ - ஆ != 0 ) ஆனால்
    பின்கொடு 0
  முடி
  வேறுபாடு = தனிமதிப்பு( அ - ஆ )
  பங்கு = விகிதம் * பெரியது( தனிமதிப்பு( அ ), தனிமதிப்பு( ஆ ) )
  @( வேறுபாடு <= பெரியது( பங்கு, தளர்வு ) ) ஆனால்
    பின்கொடு 1
  இல்லை
    பின்கொடு 0
  முடி
முடி

'அ - அ != 0' என்ற வரி விசித்திரமாகத் தோன்றும். முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தால் கிடைப்பது சுழியம் அன்று, 'எண் அல்லாதது' என்னும் மதிப்பு. சாதாரண எண்களுக்கு விடை எப்போதும் சுழியமே. இந்த வரி இல்லாவிட்டால், முடிவிலியின் நூறு கோடியில் ஒரு பங்கும் முடிவிலியே என்பதால், முடிவிலியும் ஐந்தும் நெருக்கம் என்று நிரல் சொல்லிவிடும். இரு முடிவிலிகள் சமம் என்பதை முதல் வரியே பார்த்துக்கொள்கிறது. எல்லைகள் எதிர்மறையாக வந்தால் பைத்தான் பிழை எழுப்பும். அந்தச் சோதனையை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: சோதனைகள்

நூலகத்தில் சேர்ப்பதற்குச் செயற்கூறு மட்டும் போதாது. பைத்தானின் மூலக் களஞ்சியத்தில் (அதன் நிரல்கள் வைக்கப்படும் இடத்தில்) சி மொழியில் எழுதிய நிரல், சோதனை, ஆவணம் ஆகிய மூன்றும் மூன்று தனி அடைவுகளில் (கோப்புறைகளில்) இருக்கின்றன. புதிய செயற்கூறு ஒன்றைச் சேர்ப்பவர் மூன்றையும் தொட வேண்டும். விகிதத்தை 0.000000001 என வைத்து இவற்றைச் சோதியுங்கள். 0.1 + 0.2-உம் 0.3-உம், தளர்வு 0 எனில், விடை 1. இடம் மாற்றினாலும் 1. 1000000000-உம் 1000000001-உம் ஒப்பிட்டால் 1, ஆனால் 1000000002 என்றால் 0. எல்லையின் இருபுறமும் தொடும் இத்தகைய சோதனையே தவறுகளைப் பிடிக்கும். கடைசியாக 0.1 + 0.2 - 0.3-ஐச் சுழியத்தோடு ஒப்பிடுங்கள்: தளர்வு 0 எனில் 0, தளர்வு 0.00001 எனில் 1.

அந்த 0.00001 நான் சும்மா எடுத்ததன்று. பட்டறைத் தராசு 0.01 கிராம் வரை காட்டும். கிலோவில் அது 0.00001. தளர்வைத் தேர்வதற்கு அளவுக்கருவியின் மிகச் சிறிய படியைப் போல நல்ல வழிகாட்டி வேறில்லை என்பதை ஆவணத்தில் ஒரு வரியாக எழுதுங்கள். வெள்ளியும் பணமும் போன்ற கணக்குகளை மில்லிகிராமிலும் பைசாவிலும் முழு எண்களாகவே வைத்துக்கொண்டால் இந்தச் செயற்கூறே தேவைப்படாது என்பதையும் அதற்கு அடுத்த வரியில் எழுதுங்கள். என் மாணவர் கடைசியில் அப்படித்தான் மாற்றிக்கொண்டார்.