ஆர்க்டிக் உணவு வலையைப் பிழையில்லாமல் வரைவது எப்படி?

முதலில் இடத்தைத் தீர்மானியுங்கள். வெறுமனே 'ஆர்க்டிக்' என்று தலைப்பிட்டால் கண்ட விலங்கெல்லாம் தாளில் குவியும். தென்கோளத்துப் பென்குயின்கூட வந்து நிற்கும். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளை எடுத்துக்கொள்வோம். அங்கே லெம்மிங் எலி கிடையாது. அதனால் பாடநூலில் வரும் லெம்மிங்–நரி சங்கிலி இங்கே செல்லாது.

சார்ட் தாளின் நடுவே ஒரு கோடு போடுங்கள்: மேலே நிலம், கீழே கடல். கடலிலிருந்து தொடங்குங்கள். பனிக்கட்டியின் அடியில் ஒட்டி வளரும் பாசியும் நீரில் மிதக்கும் பாசியும் உற்பத்தியாளர்கள். அவற்றைத் தின்பது கலானஸ் என்ற துடுப்புக்காலி, இறாலுக்கு உறவான சிற்றுயிர். நீளம் சில மில்லிமீட்டர்தான். ஆனால் கோடையில் தின்றதைக் கொழுப்பாகச் சேர்த்து, அதை வைத்தே ஆழ்கடலில் குளிர்காலத்தை ஓட்டிவிடும். பலரும் பனிக்கரடியைத்தான் பெரிதாக வரைவார்கள். பெரிதாக வரைய வேண்டியது இதை. துருவக் காட் மீன், லிட்டில் ஆக் பறவை, போஹெட் திமிங்கிலம் மூன்றுக்கும் அம்பு இங்கிருந்தே கிளம்புகிறது.

பிரதான சங்கிலி: பாசி → கலானஸ் → துருவக் காட் → வளையச் சீல் → பனிக்கரடி.

அதிகம் தவறுவது அம்பில்தான். 'கரடி சீலைத் தின்கிறது' என்று நினைத்து வரைந்தால் அம்பு தலைகீழாகும். 'சீல் கரடிக்கு உணவு' என்று சொல்லிக்கொண்டே வரையுங்கள். 'க்கு' வருமிடத்தில் அம்பின் முனை.

ஒவ்வொரு படியிலும் சுமார் 10% ஆற்றலே மேலே போகும் என்பது தோராயக் கணக்கு. பாசியில் 10,000 கிலோகலோரி என்றால் கரடிக்குக் கிடைப்பது 1. கலானஸை நேராகத் தின்னும் திமிங்கிலத்துக்கோ 100. அவ்வளவு பெரிய உடம்பு இவ்வளவு சிறிய இரையில் பிழைப்பது இதனால்தான்.

வால்ரஸை மீனோடு இணைக்காதீர்கள். அதன் முக்கிய இரை கடலடிச் சிப்பி. கரடி பல நேரம் சீலின் கொழுப்பை மட்டும் தின்றுவிட்டு இறைச்சியை விட்டுப்போகும். மிச்சம் ஆர்க்டிக் நரிக்கு. இதற்குப் புள்ளிக்கோடு போடுங்கள். நரிக்குப் பறவை முட்டை, குஞ்சுகளிலிருந்தும் அம்பு வேண்டும். பறவை எச்சம் பாறையடியில் செடிகளுக்கு உரமாகிறது, அதை மேய்வது கலைமான். எச்சம் உணவல்ல, ஊட்டம். எனவே வேறு நிறம்.

கரடியின் அம்புகளில் பருவத்தையும் எழுதுங்கள்: வசந்தத்தில் சீல் குட்டி, பனி விலகிய கோடையில் வாத்து முட்டை.

கடைசியாக, துருவக் காட் மீனை விரலால் மறைத்துப் பாருங்கள். சீலுக்கு வேறெந்த அம்பும் வரவில்லையென்றால், பனிக்கட்டியடியில் வாழும் ஆம்பிபாடுகளை (இறால் போன்ற சிற்றுயிர்கள்) விட்டுவிட்டீர்கள்.