மருத்துவக் கஞ்சா: பெயரைக் கேட்டதும் நாம் செய்யும் தவறுகள்

"அப்பா, இங்கே மூட்டுவலிக்கு டாக்டரே கஞ்சா எழுதிக் கொடுக்கிறார்" என்று கனடாவிலிருந்து பையன் போனில் சொன்னால், பாலக்கோட்டில் பத்து வருடமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும் அப்பாவுக்கு ஆசை வராமல் இருக்குமா? பையன் சொல்வது பொய்யில்லை. கனடாவில் 2001-லேயே மருத்துவத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். 2018 அக்டோபரில் மற்றவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பேச்சு தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வந்து சேரும்போது பாதி விஷயம் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. அங்கே மருந்தாக இருப்பதும் இங்கே பொட்டலமாகக் கிடைப்பதும் ஒன்று என்று நினைப்பதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது.

கஞ்சா ஒரே பொருள் இல்லை. அந்தச் செடியில் கன்னாபினாய்டுகள் என்ற வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் உண்டு. மருத்துவத்தில் அதிகம் பேசப்படுவது இரண்டு. டி.எச்.சி. போதை தரும், குமட்டலை அடக்கும், பசியைத் தூண்டும், தசை இறுக்கத்தைத் தளர்த்தும், கூடவே படபடப்பையும் பயத்தையும் கிளப்பிவிடும். சி.பி.டி.யில் அந்தப் போதை இல்லை. சில கடுமையான வலிப்பு நோய்களில் அது நன்றாக வேலை செய்கிறது. இந்த இரண்டின் விகிதத்தை வைத்துச் செடிகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: டி.எச்.சி. மிகுந்தது, இரண்டும் கலந்தது, சி.பி.டி. மிகுந்தது.

வெளிநாட்டு நோயாளிகள் "எங்களுக்குப் பல வகை வேண்டும், ஒன்றை மட்டும் தலையில் கட்டாதீர்கள்" என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயில் தசை இறுகிப்போனவர்களுக்குப் பிரிட்டனில் 2010-ல் அனுமதி பெற்ற சாட்டிவெக்ஸ் ஸ்பிரேயில் இரண்டும் ஏறக்குறைய சம அளவு. டிராவே, லெனாக்ஸ்-கஸ்டோ வலிப்பு உள்ள குழந்தைகளுக்காக 2018-ல் அமெரிக்கா அனுமதித்த எபிடியோலெக்ஸ் முழுக்க முழுக்கச் சி.பி.டி. முதலாமவருக்கு உதவும் மருந்து அந்தக் குழந்தைக்கு ஆகாது. பகலில் வண்டி ஓட்டுகிறவருக்கும் ராத்திரி வலியில் தூக்கம் வராதவருக்கும்கூட ஒரே சரக்கு பொருந்தாது.

சரி, வகை முக்கியம் என்று தெரிந்துகொண்டவர் அடுத்துச் செய்யும் தவறு, வகையின் பெயரை நம்புவது. "இண்டிகா தூக்கம் தரும், சாடிவா சுறுசுறுப்பு தரும்" என்று இணையத்தில் மந்திரம்போல ஓதுகிறார்கள். இந்தியாவிலிருந்து போன செடியைப் பார்த்து 1785-ல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லமார்க் 'இண்டிகா' என்று பெயர் வைத்தபோது அவர் பார்த்தது செடியைத்தான். அதைத் தின்றால் தூக்கம் வருமா என்பதையல்ல. நம் மாம்பழத்தோடு வைத்துப் பாருங்கள். சந்தூரில் செந்தூரா ஒட்டுக்கன்று வாங்கி நட்டால் காய்ப்பது செந்தூராதான். கூழ் ஆலைக்காரர் பெங்களூரா கேட்டால் பெங்களூராதான் லாரியில் ஏறும். ஒட்டுக் கட்டுவதால் பெயருக்கும் பழத்துக்கும் உறவு அறுவதில்லை. கஞ்சாக் கடைகளில் அப்படி உத்தரவாதம் கிடையாது. அமெரிக்காவில் ஒரே பெயரில் வெவ்வேறு கடைகளில் விற்றதை மரபணுச் சோதனை செய்தபோது பலவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆகவே பார்க்க வேண்டியது பெயரை அல்ல, ஒரு வேளை மருந்தில் டி.எச்.சி. எத்தனை மில்லிகிராம், சி.பி.டி. எத்தனை மில்லிகிராம், ஆய்வகச் சான்று உண்டா என்பதை.

வாசனைப் பொருள்களான டெர்பீன்கள் எல்லாவற்றையும் மாற்றும் என்பதையும் பாதிக்குப் பாதிதான் நம்பலாம். மிளகில் இருக்கும் கேரியோஃபிலினும் மாம்பழத்தில் இருக்கும் மிர்சீனும் கஞ்சாவிலும் உண்டு. அவை கன்னாபினாய்டுகளோடு சேர்ந்து நோயாளிக்குக் கூடுதல் பலன் தருகின்றன என்பதற்கு மனிதர்களிடம் உறுதியான சான்று இன்னும் குறைவு. சான்று இருந்தால் சீசனில் நம் மாவட்டமே மயங்கிக் கிடக்க வேண்டும்.

தெருவில் வரும் பொட்டலத்தில் மேலே சொன்ன எந்த எண்ணும் இல்லை. அதைப் பீடியில் கலந்து புகைத்தால் நிச்சயமாகக் கிடைப்பது புகையிலைதான்.

இந்தப் பக்கத்துக்கென்றே ஒரு தவறு உண்டு. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது: வலி எதனால் என்று பார்க்காமலே வலிக்கு மருந்து தேடுவது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஜப்பானியக் கடனுதவியோடு வந்து, 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளூரைடு உள்ள போர் தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தவர்களுக்குப் பல்லில் காவி படியும். சிலருக்கு எலும்பிலும் மூட்டிலும் புளூரைடு சேர்ந்து கழுத்தும் இடுப்பும் இறுகிப்போகும். பார்க்கிறவர்கள் வயசான மூட்டுவலி என்று விட்டுவிடுவார்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட முடிகிறதா, தாடை நெஞ்சைத் தொடுகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். முடியவில்லை என்றால் எக்ஸ்ரேயும் தண்ணீர்ப் பரிசோதனையும் கேளுங்கள். இந்த நிலையில் உங்கள் முதல் மருந்து நல்ல தண்ணீர். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் குறையும், புளூரைடு அப்படியே நிற்கும். கஞ்சா எண்ணெய் தேய்த்து வலியை மறந்துவிட்டு அதே போர் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தால் எலும்பில் சேர்வது சேர்ந்துகொண்டே இருக்கும்.

நாள்பட்ட வலிக்குக் கஞ்சா எவ்வளவு உதவுகிறது என்பதிலும் நிபுணர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. 2017-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை, பெரியவர்களின் நாள்பட்ட வலிக்குப் பலன் உண்டு என்றது. 2019-ல், எந்தச் சிகிச்சையைக் கொடுக்கலாம் என்று டாக்டர்களுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, நாள்பட்ட வலிக்கு டி.எச்.சி. கலந்த மருந்தைக் கொடுக்க வேண்டாம், சி.பி.டி.யை ஆய்வுக்கு வெளியே கொடுக்க வேண்டாம் என்றது. உதவி கிடைப்பவர்களுக்கும் அது பெரும்பாலும் சிறிய உதவிதான். "அடியோடு போய்விடும்" என்று யாராவது சொன்னால் அவர் விற்கிறவர்.

அப்புறம் சட்டம். 1985-ன் போதைப்பொருள் சட்டத்தில் மருத்துவப் பயனுக்கு விலக்கு உண்டு என்பது உண்மைதான். அது உரிமம் பெற்றவர்களுக்கான வழி. உங்கள் கையில் டாக்டர் சீட்டு இருந்தால் போதும் என்று அர்த்தமில்லை. ஒரு கிலோ வரை 'சிறிய அளவு' என்பதால் தப்பிக்கலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அதற்கே ஒரு வருடம் வரை கடுங்காவல் உண்டு. கொல்லையில் ஒரு செடி வளர்த்தாலும் அது வளர்ப்புக் குற்றம். தண்டனை பத்து வருடம் வரை போகலாம். பையன் கனடாவில் வாங்கிய எண்ணெயைப் பெங்களூர் விமான நிலையத்தில் கொண்டுவந்து இறங்கினால் அந்த நாட்டு மருந்துச் சீட்டு அவனைக் காப்பாற்றாது.

இலையும் விதையும் தனியாக இருந்தால் மத்தியச் சட்டத்தின் கஞ்சா விளக்கத்துக்குள் வராது. அந்த இடைவெளியில்தான் 'விஜயா' (ஆயுர்வேதத்தில் கஞ்சாவின் பெயர்) எண்ணெய்கள் ஆயுர்வேத மருந்தாக இணையத்தில் விற்பனையாகின்றன. ஆனால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் இலையையும் சேர்த்தே பார்க்கிறது. சித்த மருந்துகளிலும் எட்டி, சேராங்கொட்டை, நேர்வாளம் ஆகியவற்றோடு கஞ்சாவும் நச்சுப் பொருள் பட்டியலில் இருப்பது. மருத்துவரின் மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று: கஞ்சாச் செடியின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் (ஹெம்ப் சீட் ஆயில்) 2021 முதல் உணவாக அனுமதிக்கப்பட்டது. அதில் சி.பி.டி. இல்லை என்றே சொல்லலாம். அதை வலிக்கு மருந்தென்று அதிக விலைக்கு வாங்குவது வீண் செலவு.

லேபிளையும் அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருள்களைச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். லேபிளில் சொன்ன அளவு சரியாக இருந்தது ஏறக்குறைய மூன்றில் ஒன்றில்தான். 18 பொருள்களில் டி.எச்.சி.யும் இருந்தது.

வாய்வழி எடுக்கும்போது நடக்கும் தவறு எங்கும் ஒன்றுதான். புகைத்தால் சில நிமிடத்தில் தெரியும். விழுங்கினால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகும். "ஒன்றும் ஆகலையே" என்று இரண்டாவது உருண்டையைப் போடுகிறவர்தான் ராத்திரி தலைசுற்றி ஆஸ்பத்திரிக்கு வருகிறார்.

கஞ்சா எண்ணெய் எடுப்பதை டாக்டரிடம் மறைப்பது இதைவிட ஆபத்து. சி.பி.டி. கல்லீரலில் மற்ற மருந்துகள் உடையும் வேகத்தைக் குறைக்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தக் கசிவு வரலாம். வலிப்புக்குக் குளோபசாம் எடுப்பவர் தூங்கி வழிவார். இன்னொரு வலிப்பு மருந்தான வால்புரோயேட்டோடு சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் ஏறும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்திவிட்டு எண்ணெய்க்கு மாறுவதோ உயிரோடு விளையாடுவது. வீட்டில் யாருக்காவது மனச்சிதைவு இருந்திருந்தால், இதய நோய் இருந்தால், கர்ப்பமாக இருந்தால், டி.எச்.சி. பக்கமே போக வேண்டாம்.

தாங்க முடியாத வலியில் இருப்பவர்கள், குறிப்பாகப் புற்றுநோயாளிகள், கஞ்சாவைத் தேடி அலைவதற்கு முன்பு வாய்வழி மார்ஃபின் கேட்க வேண்டும். போதைப்பொருள் சட்டத்தின் 2014 திருத்தத்துக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதைச் சட்டப்படி தர முடியும். நடக்க முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. 2021 ஆகஸ்டில் அது தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் அதில் வீட்டுக்கே வரும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள்.