சப்ஜெக்ட் எது? முதலில் வினையைப் பிடியுங்கள்

ஆங்கில வாக்கியத்தில் முதல் சொல்தான் சப்ஜெக்ட் (எழுவாய்) என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். முதலில் வினைச்சொல்லை அடிக்கோடிடச் சொல்லுங்கள்; பிறகு 'யார், எது?' என்று கேளுங்கள்.

'தி பாஸ்கெட்ஸ் ஆஃப் டீ நியர் தி கேட் ஆர் வெட்.' வினை 'ஆர்'. நனைந்திருப்பவை எவை? கூடைகள், தேயிலையோ வாசல் கதவோ அல்ல. 'ஆஃப் டீ', 'நியர் தி கேட்' இரண்டையும் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் அடைத்தால் தலைச்சொல் (சப்ஜெக்டின் முக்கியச் சொல்) 'பாஸ்கெட்ஸ்' தனியே நிற்கும். அடைக்காதவர்கள்தான் 'கேட்'டைப் பார்த்து 'இஸ்' போடுகிறார்கள். 'தேர் ஆர் டூ பஸ்சஸ் டு கோத்தகிரி' என்பதில் சப்ஜெக்ட் 'டூ பஸ்சஸ்', 'தேர்' அல்ல.

இன்னொரு குழப்பம்: தமிழில் செயப்படுபொருள் தனி, பயனிலை தனி. ஆங்கிலப் பாடத்தில் இரண்டும் சேர்ந்தே பிரெடிகேட், அதாவது சப்ஜெக்டைப் பற்றிச் சொல்லும் பகுதி. 'முருகன் செல்ஸ் கேரட்ஸ் இன் ஊட்டி': 'முருகன்' நீங்கலாக மீதி முழுவதும் பிரெடிகேட்தான்.