பால் பொங்கட்டும், வெல்லம் பொங்க வேண்டாம்: ஜெர்மனியில் முதல் பொங்கல் வைப்பவர்களுக்கு

போன தை முதல் நாள், ஷ்டுட்கார்ட்டுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் மூன்று பையன்கள் வீட்டுக்குப் பொங்கல் சாப்பிடப் போயிருந்தேன். கதவு திறந்ததுமே கருகிய வெல்ல வாசம் மூக்கில் ஏறியது. "ஒண்ணுமில்லண்ணா, கொஞ்சம் பொங்கி ஊத்திருச்சு. ஆறட்டும், அப்புறம் துடைச்சுக்கலாம்னு விட்டிருக்கோம்" என்றான் ஒருவன். கையில் இருந்த பழத்தட்டை அவனிடம் திணித்துவிட்டு அடுப்பை நோக்கி ஓடினேன்.

பதினோரு வருடத்துக்கு முன் அதே "ஆறட்டும்" என் வாயிலிருந்தும் வந்தது. விலை 340 யூரோ.

டிசம்பர் 31, ஜனவரி 1 தவிர வேறு நாளில் இங்கே வெடி வெடிக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்பதையெல்லாம் வந்த முதல் வாரமே யாராவது சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

வெல்லம் சிந்தினால் ஆற விடாதீர்கள்

இங்கே வாடகை வீடுகளில் பெரும்பாலும் கண்ணாடி மேல்தட்டு அடுப்புதான் இருக்கும். செரான் என்பார்கள். அந்தக் கண்ணாடி சூட்டுக்கு விரிவதும் இல்லை, ஆறும்போது சுருங்குவதும் இல்லை என்றே சொல்லலாம். உருகிய வெல்லம் அப்படியல்ல. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, ஆற ஆறச் சுருங்கி இழுக்கும். இழுக்கும்போது கண்ணாடியின் மேல்தோலையும் சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிடும்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. கும்பகோணத்தில் வாங்கிய பித்தளைப் பானையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். உருண்டை அடி. தட்டையான கண்ணாடி மேல் அது நின்றதே பெரிய விஷயம். அம்மா வீடியோ காலில். பால் பொங்கியது, "பொங்கலோ பொங்கல்" என்று தனியாளாகக் கத்தினேன். பிறகு அரிசி, பருப்பு, கூடவே அவசரமாக வெல்லமும். பானை கழுத்துவரை நிரம்பியிருந்தது. பத்து நிமிடத்தில் இரண்டாம் முறையும் பொங்கியது, இந்த முறை பழுப்பு நிறத்தில். "ரெண்டு தடவ பொங்கியிருக்கு, இந்த வருஷம் அமோகம்தான்" என்றார் அம்மா. நானும் பூரித்துப்போய் அடுப்பை அணைத்துவிட்டு, சாப்பிட்டு, தூங்கிவிட்டேன்.

சாயங்காலம் கம்பி நாரைப் போட்டுத் தேய்த்தபோது கரி போனது. அடியில் அரிசி அளவுக்கு நான்கு பள்ளம்.

மூன்று வருடம் கழித்து வீட்டைக் காலி செய்யும் நாளில், வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுப்பை விரலால் தடவிப் பார்த்தார். மூன்று மாத அடிப்படை வாடகை வரை அட்வான்ஸ் வாங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆக பணம் அவர் கையில். வாடகை வீட்டுச் சேதத்துக்கு என்று நான் எடுத்திருந்த காப்பீட்டைப் புரட்டினால், கண்ணாடியும் மின்சாதனமும் சேராது என்று பொடி எழுத்தில் இருந்தது.

பணம் போனதுகூட மறந்துவிட்டது. இன்றும் எரிச்சல் மூட்டுவது வேறு: அடுப்பைச் சுரண்டுவதற்கென்றே பிளேடு வைத்த சுரண்டி ஒன்று அத்தனை நாளும் அந்த வீட்டு இழுப்பறையிலேயே கிடந்தது. சுவர் பெயின்ட் சுரண்டுவது என்று நினைத்து மூன்று வருடம் அதை ஒதுக்கி ஒதுக்கி வைத்தேன்.

சிந்திவிட்டால், பானையை நகர்த்தி, அடுப்பை அணைத்து, கையுறை போட்டுக்கொண்டு, சூடு இருக்கும்போதே அந்தச் சுரண்டியைச் சாய்த்துப் பிடித்து வழித்து எடுங்கள். துடைப்பதை ஆறிய பின் வைத்துக்கொள்ளலாம். சிந்தாமல் இருக்க, பாலை மட்டும் பொங்க விடுங்கள், பானையில் பாதிக்கு மேல் எதுவும் வேண்டாம். வெல்லத்தைத் தனியாகக் கரைத்து, மண் போக வடிகட்டி, அரிசி குழைந்த பிறகு சிறு தீயில் சேருங்கள். நான் இப்போது கண்ணாடி அடுப்புப் பக்கமே போவதில்லை. இரும்புத் தட்டு வைத்த ஒற்றை மின்சார அடுப்பு ஒன்று, அதன் கீழே பழைய கேக் தட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் பொங்கட்டும்.

பையன்கள் அடுப்பில் சூடு மிச்சம் இருந்தது. பிழைத்தார்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பா?

பித்தளையும் மண்பானையும் சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஊர் நல்ல நேரத்துக்குப் பொங்கல்

தினசரி காலண்டரில் காலை 7:30 நல்ல நேரம் என்று போட்டிருந்ததாம். அதை இந்த ஊர்க் கணக்குக்கு மாற்றி, விடியற்காலை 3 மணிக்கு எழுந்து பொங்கல் வைத்தார் என் நண்பர் ஒருவர். குலவை வேறு. இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது என்பது இங்கே எழுதாத வீடே இல்லை. கீழ்வீட்டுப் பாட்டி நைட்டியோடு மேலே வந்துவிட்டார்.

சூரியனுக்கு வைக்கிற பொங்கல். ஜனவரி நடுவில் ஷ்டுட்கார்ட்டில் சூரியன் வருவதே 8:10 வாக்கில்தான். ராகு காலமும் உதயம் முதல் அஸ்தமனம் வரையிலான பகலை எட்டாகப் பிரிப்பது. இங்கத்திய குளிர்காலப் பகலுக்கு அது ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஊரைப் போல ஒன்றரை மணி அல்ல. அம்மா கோபித்துக்கொள்வார், அவருக்கு அப்போது மதியம் 12:40 ஆகியிருக்கும். சமாளியுங்கள்.

பெட்டியில் மஞ்சள் கொத்து

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பச்சை இலை, செடி, காய்கனி எது கொண்டுவந்தாலும் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்தே பழங்களுக்கு: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டுரியன். வாழைப்பழம் வரலாம், வாழையிலை வரக் கூடாது. மாவிலை, கறிவேப்பிலை, மஞ்சள் கொத்து எல்லாம் விமான நிலையக் குப்பைத் தொட்டிக்குத்தான். பால் பொருளுக்கும் தடை என்பதால் அம்மா காய்ச்சிய நெய்யும் அதே தொட்டிக்குப் போனதை நின்று பார்த்திருக்கிறேன்.

புகை எச்சரிக்கைக் கருவி

துணி போட்டு மூடாதீர்கள். முந்திரி வறுக்கும் முன் ஜன்னலைத் திறங்கள்.

ஆபீஸுக்குச் சர்க்கரைப் பொங்கல்

வேண்டாம். பத்து மணிக்குள் கல்லாகிவிடும். முறுக்கு போதும்.

லீவு

2024இல் தை 1 ஜனவரி 15, 2025இல் 14. பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

கரும்பு

ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கும், முழுக் கழியாக அல்ல, துண்டாக. முதல் வருடம் பொங்கலுக்கு முந்தின நாள் மாலை போய் நின்றேன். கடைக்கார ஐயா சிரித்தார். "தம்பி, போன கிழமையே சொல்லி வச்சிருக்க வேணும். இப்ப வந்து கேட்டா நான் எங்க போறது?" பிறகு உள்ளே போய், தன் வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்ததில் இரண்டு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவருக்குப் போன் போட்டுவிடுகிறேன்.